நெடுந்தூர ஓட்டமும் தேநீர்க் கோப்பையும்

பாடசாலை விளையாட்டுப் போட்டி முடியும் வேளையில், இல்லங்களின் மானம் முழுவதையும் சுமந்துகொண்டு நடைபெறுவது அஞ்சலோட்டம். அப்பெயரைச் சொல்லி ஆரவாரிக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் அதன் பொருளை எண்ணிப் பார்க்கின்றனர்? புகைவண்டியும் மோட்டார் வண்டியும் வராத காலத்திலே, கடிதப் பையைத் தோளிற் சுமந்து ஓடி, அடுத்த தங்குமிடத்திற் காத்து நின்றவனிடம் ஒப்படைத்த மனிதனை அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது. பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னரும் தோட்டந்தோறும் ஒரு 'தப்பால்காரன்' இருந்தான். தபாற் கந்தோருக்கும் துரை பங்களாவுக்கும் இடையே நாள்தோறும் மலை இறங்கி மலை ஏறுவதே அவன் தொழில்.

மலையக மக்களின் வரலாறே கால்களால் எழுதப்பட்ட வரலாறு எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். ஊவா மாகாணத்திலேயே இருக்கும் கதிர்காமத்திற்கு இன்றும் அடியார்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாத யாத்திரையாக வருகின்றனர். இத்தகைய நடை மரபிற் பிறந்து, மலைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள் நெடுந்தூர ஓட்டத்திற் பிறவியிலேயே வல்லவராய் இருத்தல் வேண்டும் என்று நம்மவர் பலர் பெருமையோடு கூறுவதுண்டு. அவ்வாறாயின், பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் இரண்டு மைல் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் சிலர், மைதானத்தை நான்கு முறை சுற்றுவதற்குள் முகம் வெளிறி அமர்ந்துவிடுவது ஏன்? இவ்வினாவுக்கு விஞ்ஞானம் தரும் விடையைக் காண்போம்.

மூச்சின் கணக்கு

நூறு மீற்றர் ஓடுபவன் தசையில் முன்னரே சேர்த்து வைத்த சக்தியைக் கொண்டே பெரும்பாலும் ஓடி முடித்து விடுகின்றான். ஐயாயிரம், பத்தாயிரம் மீற்றர் ஓடுபவனுக்கு அது போதாது. அவன் ஓடிக்கொண்டே சக்தியை ஈட்டல் வேண்டும். அதற்குப் பிராணவாயுவாகிய ஒட்சிசன் இடையறாது தசைக்கு வந்து சேர்தல் வேண்டும். அடுப்பு எரியக் காற்று வேண்டியிருப்பது போன்றதே இதுவும்.

இவ்வுண்மையை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர். தசை வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்தமைக்காக, 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் அவர். முதுகிலே ஒரு பையைக் கட்டி, வெளிவிடும் மூச்சை அதிற் சேகரித்துக்கொண்டு, புல்தரையிலே தாமே ஓடிப் பார்த்தார். வேகம் கூடக் கூட உடல் உள்வாங்கும் ஒட்சிசனும் கூடும். ஆயினும் ஓர் எல்லைக்கு மேல் அது கூடாது என்பது அவர் கண்ட முடிவு. அவ்வெல்லையே அதிகபட்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு எனப்படும். நலமுள்ள சாதாரண இளைஞன் ஒருவன், தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்தில் 40 முதல் 45 மில்லிலீற்றர் வரை உள்ளெடுப்பான். உலகின் முன்னணி ஓட்டவீரரிடத்தில் இது 70க்கும் மேற்படும். 80ஐத் தொடுவோரும் உளர்.

ஆயினும் இவ்வெல்லை ஒன்றே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. அவ்வெல்லையில் எத்தனை பங்கை, களைப்பின்றி நெடுநேரம் ஒருவன் பயன்படுத்த வல்லவன் என்பது இரண்டாவது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் குருதியில் இலத்திக்கமிலத்தின் விளைபொருள் விரைந்து சேரத் தொடங்கும், மூச்சு வாங்கும், கால் கனக்கும். பயிற்சி அந்த வேகத்தை மேலே உயர்த்தும். குறைந்த ஒட்சிசனைக்கொண்டு மிகுந்த தூரம் ஓடும் சிக்கனம் மூன்றாவது. ஒரு போத்தல் எண்ணெயில் ஒரு வண்டி பத்து மைல் போக, மற்றொன்று பதினைந்து மைல் போவதுண்டன்றோ? உடலும் அத்தகையதே.

மலை தருவதும் தராததும்

மலைக் காற்றில் ஒட்சிசன் மிகுதி என்று எண்ணுவோர் பலர். உண்மை நேர் மாறானது. எங்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு நூற்றுக்கு 21தான். ஆனால் மேலே ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் ஒட்சிசனும் குறைகின்றது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி நடைபெற்ற மெக்சிக்கோ நகரம் 2,240 மீற்றர் உயரத்திலுள்ளது. காற்று மெலிந்திருந்தமையும் துணைசெய்ய, நீளம் பாய்தலிற் பொப் பீமன் 8.90 மீற்றர் பாய்ந்து உலகை வியக்க வைத்தார். ஆனால் பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தைக் கென்யாவின் நப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 வினாடியிலேயே வென்றார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியரான ரொன் கிளார்க் நிலைநாட்டிய உலக சாதனை 27 நிமிடம் 39.4 வினாடி. அக்கிளார்க்கே மெக்சிக்கோவில் ஆறாவதாக வந்து, எல்லைக் கோட்டைக் கடந்ததும் மயங்கி வீழ்ந்தார்.

அவ்வாறாயின் மலையில் வாழ்வோர்க்கு நன்மை யாது? ஒட்சிசன் குறைவதை உணர்ந்ததும் சிறுநீரகம் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அது எலும்பு மச்சையைத் தூண்டிச் செங்குழியங்களைப் பெருக்குகின்றது. செங்குழியம் பெருகினால் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலும் பெருகும். அமெரிக்க ஆய்வாளர்களான லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் 1997இல் வெளியிட்ட ஆய்விலே, 2,500 மீற்றர் உயரத்தில் வசித்து 1,250 மீற்றர் உயரத்துக்கு இறங்கிப் பயிற்சி செய்த ஓட்டவீரர்கள் ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் முன்னேறியமை தெரிந்தது. 'உயரத்தில் உறங்கு, தாழ்வில் ஓடு' என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

இங்கே ஊவா மக்கள் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. அந்த ஆய்விலே 'தாழ்வு' எனப்பட்ட 1,250 மீற்றர், ஏறத்தாழ நமது பண்டாரவளையின் உயரம். பதுளை நகரமோ 680 மீற்றரளவிலேயே உள்ளது. 'உயர்வு' எனப்பட்ட 2,500 மீற்றரை இலங்கையிலே தொட வேண்டுமாயின் பிதுருதலாகலையின் உச்சியிலே குடியிருத்தல் வேண்டும். கென்யாவின் ஓட்டவீரர் வாழும் இட்டென் என்னும் ஊர் 2,400 மீற்றர் உயரத்தது. ஆகவே நமது மலைகள் அழகியவை, குளிர்ந்தவை. ஆயினும் குருதியைப் பெருக்கும் அளவுக்கு அவை உயர்ந்தவையல்ல. மலையிற் பிறந்தமையாலேயே பிள்ளை ஓட்டவீரனாகிவிடுவான் என்னும் நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் ஆதரவு இல்லை.

எனினும் மலை வேறொன்றைத் தருகின்றது. நாள்தோறும் ஏறி இறங்கும் கால்கள் உரம் பெறுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் மிகுந்த குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. உடல் சிக்கனத்தைக் கற்கின்றது. நேபாள நாட்டுச் சுமைதூக்குவோர் நெற்றிப் பட்டையில் மாட்டிய கூடையில், தம் எடைக்கு ஏறத்தாழ ஒப்பான பாரத்தைச் சுமந்து மலைவழி செல்வதையும், அதற்கு அவர்கள் செலவிடும் சக்தி வியக்கத்தக்க அளவு குறைவாயிருப்பதையும் 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. தலையிற் கயிறு மாட்டி முதுகிலே கொழுந்துக் கூடை சுமக்கும் நம் தாய்மாரை நினைந்துகொண்டு அச்செய்தியைப் படித்தால், அது தூர தேசத்துச் செய்தியாகத் தோன்றாது.

மலையே இல்லாத நாட்டிலும் ஓட்டவீரர் பிறக்கின்றனர் என்பதற்குத் தமிழகத்துப் புதுக்கோட்டையே சான்று. வறண்ட சமவெளியாகிய அம்மாவட்டத்தைச் சேர்ந்த சூர்யா, 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலே ஐயாயிரம், பத்தாயிரம் மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அதே மாவட்டத்து இலட்சுமணன் 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்திலே ஆசியப் போட்டியில் அவ்விரண்டு ஓட்டங்களையும் வென்றார். மலை அவர்களை ஆக்கவில்லை. ஆண்டுக்கணக்கான பயிற்சியும், பயிற்சியைத் தாங்கும் உடலுமே ஆக்கின.

குருதியில் இரும்பு

பயிற்சியைத் தாங்கும் உடல் என்றோம். அதன் அடிப்படை எது? குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினே ஒட்சிசனைச் சுமக்கும் வண்டி. ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைத் தாங்கும். நூறு மில்லிலீற்றர் குருதியில் 14 கிராம் ஈமோகுளோபின் உள்ளவரிடம் அந்த அளவு குருதி சுமப்பது ஏறத்தாழ 19 மில்லிலீற்றர். பத்துக் கிராமே உள்ளவரிடம் அது 13 ஆகச் சுருங்கும். இதயம் அதே வேகத்தில் துடித்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் தசைக்குச் சேரும் ஒட்சிசனிற் பத்தில் மூன்று பங்கு குறைகின்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஈமோகுளோபினை ஆக்க இரும்பு வேண்டும். நம் உடலில் உள்ள இரும்பு முழுவதும் மூன்று நான்கு கிராமுக்கு மேற்படாது. ஒரு சிறிய ஆணியின் எடைதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குருதியிலே உள்ளது. இரும்பின் இன்றியமையாமையை விளக்கும் ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. முன் கூறிய ஸ்ட்ரே-குண்டர்சனும் அவர் தம் குழுவினரும், உடலில் இரும்புச் சேமிப்புக் குறைந்த ஓட்டவீரரை உயர்ந்த மலைக்கு அழைத்துச் சென்று பார்த்தபோது அவர்களிடம் செங்குழியங்கள் பெருகவேயில்லை. இரும்பில்லாதவனுக்கு இமயமலையும் பயன்படாது என்பதே இதன் பொருள்.

தோட்டப் புறங்களில் குருதிச்சோகை புதிய நோயன்று. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மலங்கலந்த ஈர மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்துப் புகும் அப்புழு, குடலிலே தங்கிக் குருதியை உறிஞ்சும். மலசலகூடம் இல்லாத லயங்களிலே அது செழித்தது. 1960இல் எதியோப்பிய வீரரான அபேபே பிகிலா உரோமாபுரியிலே வெறுங்காலுடன் மரதன் ஓடி வென்றது உண்மைதான். ஆனால் உரோமாபுரியின் கல் பதித்த வீதி வேறு, லயத்துப் பின்புறத்து மண் வேறு.

புழுவோடு பற்றாக்குறை உணவும் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத் துறையிலோ நூற்றுக்கு 32 பேர். மைதானத்தில் அமர்ந்துவிடும் பிள்ளையின் கதை, அப்பிள்ளை மைதானத்துக்கு வருமுன்னரே தொடங்கிவிடுகின்றது.

தேநீர் செய்யும் தடை

உலகுக்கெல்லாம் தேயிலை அளிக்கும் நம் மக்களுக்கு இங்கே ஒரு முரண் காத்திருக்கின்றது. காலையில் ரொட்டியும் சாயத் தேநீரும். பகலிற் சோறு உண்டதும் தேநீர். மாலையில் மீண்டும் தேநீர் என்பது பல இல்லங்களின் வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்போடு குடலிலே பிணைந்து, அதை உடல் உறிஞ்சாதவாறு தடுக்கின்றன. தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்விலே, பாணோடு தேநீர் அருந்தியபோது உடலிற் சேர்ந்த இரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சோற்று உணவிலும் அத்தகைய குறைவே காணப்பட்டது.

இதனால் தேநீரை வெறுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. நம்மைக் காக்கும் பயிர் அது. களைப்பைப் போக்கும் பானமும் அதுவே. வேண்டுவது நேர மாற்றம் ஒன்றே. உணவு உண்டபின் ஒரு மணி நேரமாவது கழிந்த பின்னர் தேநீர் அருந்தினால் அதன் தடை பெரிதும் குறையும். உணவின்போது தேசிக்காய் பிழிந்த நீரோ, கொய்யாப் பழமோ, நெல்லிக்காயோ சேர்ந்தால் அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்பை உடலிற் சேர்க்கத் துணைபுரியும். சைவ உணவினர் பயறு, கடலை, பருப்பு, கீரை வகைகளை இவ்வாறு உண்ணலாம். மற்றையோர்க்கு நெத்தலியும் மீனும் இறைச்சியும் எளிதிற் சேரும் இரும்பைத் தருவன. பணச் செலவில்லாத மாற்றம் இது, அடுப்படியிலே தொடங்கக்கூடியது.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமை. வெளிறிய பிள்ளைகள் எல்லாரும் இரும்புக் குறைவுடையோர் அல்லர். பரம்பரையாக வரும் தலசீமியா என்னும் குருதி நோய் காணப்படும் மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அந்நோயாளர்க்கு அளவுக்கு மீறிய இரும்பே தீங்காகும். ஆதலால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதை விடுத்து, மருத்துவரிடம் காட்டிக் குருதியைச் சோதித்தபின் சிகிச்சை பெறுதலே நன்று. பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரையோ பூச்சி மாத்திரையோ தரப்படும்போது அதை யன்னலால் எறிந்துவிடாமல் விழுங்குமாறு பெற்றோர் பிள்ளைகளுக்குப் புத்தி கூற வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீற்றர் ஓடிய பின், அவ்வளவு தூரம் பெண்ணுடல் தாங்காது என்று கூறி 1960 வரையில் அவ்வோட்டத்தை நிறுத்தி வைத்தனர். மகளிர் மரதன் ஒலிம்பிக்கிற் சேர்ந்ததே 1984இல்தான். பெண்ணின் கால் குறைந்ததன்று. ஆனால் மாதந்தோறும் குருதியை இழப்பதால் அவளுக்கு இரும்பு மிகுதியாக வேண்டும். வீட்டிலே ஆண்கள் உண்டபின் எஞ்சியதை உண்பவளாக அவள் இருந்தால், அக்கணக்கு எப்படி நேராகும்?

மாணவர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, நாள்தோறும் முழு வேகத்தில் ஓடாதீர்கள். பயிற்சியின் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடும் நண்பனோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் அமைதல் வேண்டும். அவ்வேகத்திலேதான் தசையின் நுண்குழாய்களும், சக்தியை ஆக்கும் இழைமணிகளும் அமைதியாகப் பெருகுகின்றன. வாரத்தில் ஓரிரு நாள் விரைவோட்டத்தையும் இளைப்பாறலையும் மாறி மாறிச் செய்யலாம். 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் ஐயாயிரம், பத்தாயிரம், மரதன் மூன்றையும் வென்ற எமில் சாட்டோபெக் இம்முறைக்குப் பேர்போனவர். மேட்டு வழி ஓட்டத்துக்கு நம் தேயிலை மலைப் பாதைகளிலும் சிறந்த மைதானம் வேறில்லை. தூரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வெடுங்கள். வெறும் வயிற்றோடு போட்டிக்குச் செல்லாதீர்கள். தசையிற் சேமித்த மாச்சத்துத் தீர்ந்தால் மன உறுதி மட்டும் கால்களை இழுத்துச் செல்லாது.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கின் பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தை அமெரிக்கப் பழங்குடி மரபினரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 வினாடியில் வென்றார். ஏனையோரும் ஓடி முடித்த பின்னர், 67ஆம் இலக்கம் அணிந்த இலங்கை வீரர் ரணதுங்க கருணாநந்த சில சுற்றுகள் பின்தங்கித் தனியே ஓடிக்கொண்டிருந்தார். முதலில் நகைத்த கூட்டம் பின்னர் எழுந்து நின்று கைதட்டியது. அச்செய்தி ஜப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. கடைசியாக வருபவன் சோம்பேறி அல்லன் என்பதை அந்நாட்டுப் பிள்ளைகள் நம் நாட்டவர் ஒருவரிடமிருந்து கற்றனர்.

நாமோ நம் வகுப்பிலே களைத்து அமரும் பிள்ளையைச் சோம்பேறி என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அச்சொல்லைச் சொல்லுமுன், அப்பிள்ளையின் கீழிமையை மெல்ல இறக்கி, உள்ளே சிவந்திருக்கின்றதா வெளிறியிருக்கின்றதா என்று பார்ப்போம். காலையில் என்ன உண்டாய் என்று கேட்போம். வெளிறியிருந்தால் பெற்றோரை அழைத்து வைத்தியசாலைக்கு வழி காட்டுவோம். நமுனுகுலையின் அடிவாரத்திலிருந்து நாளை ஒரு சிறந்த ஓட்டவீரனோ வீராங்கனையோ தோன்றக்கூடும். அதற்கு மலை தன் பங்கை முன்னரே தந்துவிட்டது. எஞ்சிய பங்கு வீட்டு அடுப்படியிலும், லயத்தின் சுகாதாரத்திலும், பாடசாலை ஆசிரியரின் கண்ணிலும் இருக்கின்றது.